தோனெட் சகோதரர்களின் கொரிச்சனி தொழிற்சாலை: வெனீரை விட்டு முழு மரத்துக்கு ஏன் மாறினார்கள்?

மரச்சீவல் (கேள்வி)

வணக்கம். வளைமர நாற்காலிகளின் உற்பத்தி வரலாறு பற்றிக் குறிப்புகள் தொகுக்கிறேன். மிக்கேல் தோனெட்டும் அவருடைய ஐந்து மகன்களும் மொராவியாவில் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) கொரிச்சனி என்ற ஊரில் தொடங்கிய முதல் தொழிற்சாலையில் சில விஷயங்கள் தெளிவாகவில்லை.

1. வெனீர்ப் பட்டைகளை, அதாவது மெல்லிய மரத் தகடுகளை, ஒட்டி வளைக்கும் முறை 1830களிலேயே தோனெட் கையில் இருந்தது. அதற்கு 1842-இல் வியன்னாவில் அரசு உரிமையும் (அன்றைய காப்புரிமை) கிடைத்தது. பிறகு ஏன் அதை விட்டு முழுமரக் கம்பை வளைக்கப் போனார்கள்?

2. வாடிக்கையாளர், பணம், கண்காட்சி எல்லாம் வியன்னாவில் இருக்க, தொழிற்சாலை ஏன் மொராவியக் கிராமத்தில்?

3. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அனுப்பினார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கணக்கு ஒத்துவருமா?

4. ஆவியில் வைத்தால் மரம் இளகும், வளைக்கலாம் என்பதோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. அது மட்டும் போதுமா? போதுமென்றால் தோனெட்டுக்கு முன்பே எல்லோரும் செய்திருப்பார்களே.

உளிமுனை

முதல் இரண்டுக்கு நான் பதில் சொல்கிறேன்.

தோனெட் 1796-இல் ரைன் நதிக்கரையில் பொப்பார்ட் என்ற ஊரில் பிறந்தவர். 1819-இல் தனிப் பட்டறை வைத்தார். 1830களில் அவர் செய்தது இதுதான்: வெனீர்ப் பட்டைகளைக் கற்றையாகக் கட்டி, கொதிக்கும் வச்சிரப் பசையில் ஊறவைத்து, சூட்டோடு மர அச்சில் வளைத்துக் காயவிடுவது. செதுக்கியெடுத்த வளைவில் நார் குறுக்கே அறுபட்டுப்போகும். இந்த முறையில் நார் வளைவோடு கூடவே ஓடும். அதனால் மெலிந்த கால்கூட ஆள் பாரம் தாங்கியது. 1841-இல் கோப்லென்ஸ் கண்காட்சியில் ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் கண்ணில் பட்டார், 1842-இல் வியன்னாவுக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூலை 16-இல் கிடைத்த உரிமையின் வாசகம், எப்படிப்பட்ட மரத்தையும், எளிதில் முறியும் மரத்தைக்கூட, வேதியியல் மற்றும் இயந்திர வழிகளில் வேண்டிய வடிவுக்கு வளைப்பது என்று போகும்.

கேள்வியின் மையம் வச்சிரம். விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுத்த பசை அது. நீரிலும் சூட்டிலும் இளகும். பட்டறையில் அதுதான் வசதி: சூடாக்கினால் ஓடும், ஆறினால் பிடிக்கும். ஆனால் கப்பலின் கீழ்த்தளத்தில் வாரக்கணக்கில் புழுக்கத்தில் கிடந்து, ஈரமும் வெப்பமும் உள்ள நாட்டில் இறங்கினால் அதே குணம் எதிரியாகிவிடும். அடுக்குகள் விரியத் தொடங்கும். ஒரு காலில் ஐந்து அடுக்கு இருந்தால் நான்கு பசைக்கோடு; எது முதலில் விட்டாலும் கால் போயிற்று. கடல் கடந்து விற்க நினைத்தவர்களுக்கு இதைத் தாண்டாமல் வழியில்லை.

இன்னொன்று செலவு. வெனீர் அறுப்பது, கற்றை கட்டுவது, பசையில் வேகவைப்பது, வளைத்த பிறகு பசை வழிந்த விளிம்பைச் சுரண்டி மறுபடி உருட்டுவது என எல்லாம் தேர்ந்த ஆளின் கைவேலை. 1850 வாக்கில் வியன்னாவின் டாவும் காப்பியகத்துக்குச் செய்த நாற்காலிகள் அடுக்கு மரத்தில் செய்தவைதான். ஒரு காப்பியகத்துக்கு அது சரி. ஆயிரக்கணக்கில் செய்ய அது உதவாது.

1853-இல் நிறுவனத்தை ஃபிரான்ஸ், மிக்கேல், ஆகஸ்ட், யோசஃப், யாக்கோப் என்ற ஐந்து மகன்கள் பெயருக்கு மாற்றினார். "தோனெட் சகோதரர்கள்" என்ற பெயர் அப்போது வந்தது. 1856 ஜூலை 10-இல் ஆவியாலோ கொதிக்கும் திரவத்தாலோ வளைத்த மரத்தில் நாற்காலிகளும் மேசைக் கால்களும் செய்ய 13 ஆண்டு உரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் கொரிச்சனியில் கட்டடம் எழும்புகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுத்ததே முறை மாறியதால்தான்.

ஏன் கொரிச்சனி? பீச் (beech) மரக் காடு. அன்று பீச் பெரும்பாலும் விறகுக்கும் கரிக்கும் போன மரம். ஈரத்துக்கு ஏற்ப அதிகமாக விரிந்து சுருங்கும் என்பதால் உயர்தரத் தளவாடம் செய்பவர்கள் அதைத் தொடுவதில்லை; அதனால் மலிவு. ஆவியில் வளைப்பதற்கோ அதைவிடப் பொருத்தமான மரம் குறைவு: நார் நேராக ஓடும், துளைகள் சீராகப் பரவியிருக்கும், கணுவில்லாத நீளம் கிடைக்கும். அடிமரத்தை அறுத்துக் கம்பாக்கினால் பெரும்பகுதி கழிவாகப் போகும். அந்தக் கழிவை வண்டியேற்றி வியன்னாவுக்குக் கொண்டுபோவதைவிட, காட்டோரத்திலேயே கொதிகலனுக்கு விறகாக்கிவிட்டு, முடிந்த பாகங்களை மட்டும் வெளியே அனுப்புவது எவ்வளவோ மேல். கொதிகலனின் ஆவி மரத்தையும் வேகவைத்தது, எந்திரத்தையும் ஓட்டியது.

ஆட்கூலியும் குறைவு. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துவிட்டதால் தச்சு தெரியாத கிராமத்தாரையே பழக்க முடிந்தது. வளைக்கும் இடத்தில் வலுவான ஆண்கள். உப்புத்தாள் தேய்ப்பது, சாயம் ஏற்றுவது, பாலிஷ், பிரம்பு பின்னுவது பெரும்பாலும் பெண்கள். பிரம்புப் பின்னல் வீடுகளுக்கும் போனது.

வளைகம்பு

நான்காவது கேள்விக்கு வருகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அந்தத் தொழிற்சாலையைப் புரிந்துகொள்ளவே முடியாது.

ஆவி மட்டும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மி.மீ. விட்டமுள்ள கம்பை, உள் ஆரம் 150 மி.மீ. வரும்படி வளைக்கிறோம். வெளி ஆரம் 180. கம்பு தன் இயல்பில் வளைந்தால் நடுக்கோடு, அதாவது 165 மி.மீ. ஆரம், நீளம் மாறாமல் இருக்கும். வெளிப்பக்கம் 15/165, ஏறத்தாழ 9 சதவீதம் நீள வேண்டும். உள்பக்கம் அதே அளவு சுருங்க வேண்டும்.

வேகவைத்த பீச் அழுத்தத்தில் 25 சதவீதம் வரைகூடச் சுருங்கிக் கொடுக்கும். ஆனால் இழுத்தால் 1.5 முதல் 2 சதவீதத்துக்குமேல் நீளாது. 9 சதவீதம் கேட்டால் வெளிப்பக்கத்தில் சிம்பு சிம்பாகக் கிளம்பி முறியும். எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் இதுதான் நடக்கும்.

தீர்வு, கம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டுப் பட்டை. பட்டையின் இரண்டு முனையிலும் தடுப்புக் கட்டை. கம்பின் இரண்டு நுனியும் அந்தத் தடுப்புகளில் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்க வேண்டும். இப்போது வளைத்தால் நீள முயல்வது பட்டைதான், அதுவோ நீளாது. ஆகவே நீளம் மாறாத கோடு நடுவிலிருந்து வெளி விளிம்புக்கு நகர்ந்துவிடுகிறது. அதே கம்பில் உள்பக்கம் 30/180, அதாவது 16.7 சதவீதம் சுருங்கினால் போதும். வெளிப்பக்கம் நீளவே தேவையில்லை. மரம் எதைத் தாங்குமோ அதை மட்டும் மரத்திடம் கேட்கிறோம். தோனெட் முறையின் உயிர் இந்தப் பட்டைதான்.

வேலை ஓடும் வரிசை:

மரத்தை நார் போகும் போக்கிலேயே சதுரக் கம்பாக அறுப்பார்கள். கணு இருந்தாலோ நார் சாய்ந்திருந்தாலோ கழித்துவிட வேண்டும். பிறகு கடைசல். கம்பு நேராக இருக்கும்போதே எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று கடைந்துவிடுவார்கள். வளைத்தபின் கடைய வழியில்லை என்பது ஒரு காரணம். வளைத்ததைச் செதுக்கினால் நார் அறுபடும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

கம்பில் 25 முதல் 30 சதவீத ஈரம் இருக்க வேண்டும். ஆவிப்பெட்டியில் 100 டிகிரியை ஒட்டிய ஈர ஆவி, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கைக்கணக்கு. 30 மி.மீ. கம்புக்கு ஒன்றேகால் மணி. வெளியே எடுத்ததும் பட்டையில் பூட்டி, வார்ப்பிரும்பு அச்சில் சுற்றிக் கவ்வி போட்டு இறுக்கிவிட வேண்டும். இதற்கெல்லாம் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். அதனால்தான் பெரிய வளைவுக்கு இரண்டு பேர், இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் வளைப்பார்கள். அச்சும் பட்டையும் கம்புமாகச் சேர்த்து 70 டிகிரி அளவில் உலர் அறைக்குள் போகும். குறைந்தது ஒரு நாள், தடித்தவைக்கு மேலும்.

ஒரு அச்சில் ஒரு நாளைக்கு ஒரு வளைவுதான் என்றால், உற்பத்தியைத் தீர்மானிப்பது அச்சுகளின் எண்ணிக்கை. கொரிச்சனியிலும் பின்வந்த தொழிற்சாலைகளிலும் அவ்வளவு வார்ப்பிரும்பு அடுக்கியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

மரச்சீவல்

அருமையான விளக்கம், நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். பின்கால், முதுகு வளைவு எல்லாம் ஒரே கம்பு என்கிறார்கள். அதில் வளைவு ஒரே தளத்தில் இல்லையே, பட்டையை எப்படி வைப்பது? நுனித் தடுப்பில் சிறிது இடைவெளி இருந்தால் என்ன ஆகும்?

வளைகம்பு

பட்டை எப்போதும் குவிந்து வெளியே தள்ளும் பக்கத்தில் இருக்க வேண்டும். வளைவு திசை மாறினால் பட்டையும் மாற வேண்டும். முதுகு வளைவை முதலில் ஒரே தளத்தில் வளைத்துக்கொண்டு, பிறகு இரண்டு கால்களையும் பின்னோக்கித் திருப்பும்போது அந்த வளைவின் வெளிப்பக்கத்துக்குத் தனிப் பட்டை போடுவார்கள். ஒரே கம்பில் எஸ் போல எதிரெதிர் வளைவு வந்தால் இரு பக்கமும் பட்டை, ஒவ்வொன்றும் தன் பகுதிக்கு மட்டும்.

இடைவெளி: வளையும் நீளம் ஒரு மீட்டர் என்றால் 5 மி.மீ. இடைவெளி வெளிப்பக்கத்தை அரை சதவீதம் நீளவிடும். அது தாங்கும். 20 மி.மீ. விட்டால் 2 சதவீதம், வெடிப்பு தொடங்கும் எல்லை. மறுபக்கம், வளைக்க வளைக்க நுனியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். துளியும் தளர்த்தாமல் விட்டால் உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழும். தடுப்புக் கட்டையில் திருகு வைத்து, தேவைப்படும்போது இழையளவு தளர்த்துவது அதற்குத்தான்.

கெடும் விதங்களை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

வெளிப்பக்கம் நீளச் சிம்பு: நார் சாய்ந்த மரம், அல்லது பட்டை கம்போடு ஒட்டி உட்காரவில்லை.
வெளிப்பக்கம் குறுக்கே பட்டென்று முறிவு: மரம் மிகவும் காய்ந்தது. சூளையில் அதிக வெப்பத்தில் உலர்த்திய மரத்தை மறுபடி நனைத்தாலும் பழைய இளக்கம் வராது.
உள்பக்கச் சுருக்கம்: தடுப்பு அதிக இறுக்கம், அல்லது அளவுக்குமேல் ஆவி. கூட நேரம் வைத்தால் கூட இளகும் என்பது தவறு.
உள்பக்கம் கொப்புளம் போல வெடிப்பு: பச்சை மரம். செல்களுக்குள் நீர் நிறைந்திருந்தால் அழுத்தும்போது நீருக்குப் போக இடமில்லை.
அச்சிலிருந்து எடுத்த பிறகு வாய் விரிதல்: உலர்ந்தது போதவில்லை. அப்படி எடுக்க நேர்ந்தால் இரு முனைக்கும் குறுக்கே கட்டி வைக்க வேண்டும்.

பழந்தளவாடம்

வளைகம்பு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தோனெட்தான் மரத்தை முதன்முதலில் ஆவியில் வளைத்தவர் என்று பல இடங்களில் எழுதுவது தவறு. கப்பல் பலகையும் வண்டிச் சக்கர வட்டமும் அதற்கு வெகுகாலம் முன்பே சூட்டிலும் ஆவியிலும் வளைக்கப்பட்டன. இங்கிலாந்தின் வின்சர் நாற்காலியில் முதுகு வில் 18ஆம் நூற்றாண்டிலேயே வளைத்த கம்பு. பாஸ்டனில் சாமுவேல் கிராக் 1808-இல் வளைமர நாற்காலிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவை எல்லாம் மென்மையான, பெரும்பாலும் ஒரே தளத்து வளைவுகள். பட்டையும் நுனித் தடுப்பும் சேர்ந்து, இறுக்கமான வளைவை, அதுவும் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் எடுக்க வைத்ததுதான் கொரிச்சனியின் பங்கு. கட்டுரையில் இந்த வேறுபாட்டை அவசியம் எழுதுங்கள்.

மூன்றாவது கேள்வி, 36 நாற்காலி. ஒத்துவரும்.

1859-இல் வந்த 14ஆம் எண் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுமரத்தில் அதன் இறுதி வடிவம் ஆறு பாகம்: பின்கால்களும் வெளி முதுகும் சேர்ந்த ஒரே நீளக் கம்பு, உள் முதுகு வளைவு, இருக்கை வளையம், இரண்டு முன்கால், கால்களைக் கட்டும் கீழ் வளையம். பூட்டுவதற்கு 10 திருகாணி, 2 நட்டு.

பூட்டிய நாற்காலி ஏறத்தாழ 84 செ.மீ. உயரம், 43 அகலம், 52 ஆழம். பெட்டிக் கணக்கில் 0.19 கன மீட்டர் அடைக்கும். ஒரு கன மீட்டருக்கு ஐந்துதான். கழற்றினால் என்ன மிஞ்சும்? ஒரு நாற்காலி மூன்று, மூன்றரை கிலோ. உலர்ந்த பீச் ஒரு கன மீட்டர் 700 கிலோவை ஒட்டி வரும். ஆக ஒரு நாற்காலியில் உள்ள மரம் 0.005 கன மீட்டர். 36 நாற்காலிக்கு 0.18. பெட்டியில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் வெற்றிடம்தான். ஒரே அச்சில் வந்த வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று அச்சுப்பிசகாமல் படியும், வளையங்கள் தட்டுபோல் அடுக்கும். அச்சு துல்லியமாக இல்லாவிட்டால் இது நடக்காது. எந்தக் காலும் எந்த இருக்கைக்கும் பொருந்தவும் செய்யாது.

திருகாணி வைத்ததன் இன்னொரு பயனை யாரும் சொல்வதில்லை. பீச் ஈரத்துக்கேற்ப அசையும் மரம் என்று உளிமுனை சொன்னார். ஒட்டிய கழுந்து (துளையில் செருகும் மரமுனை) ஒருமுறை விட்டால் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். திருகாணி தளர்ந்தால் ஒரு திருப்பு போதும்.

உளிமுனை

சரியான சேர்க்கை. தொழிற்சாலையின் பிற்காலத்தையும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், இந்த உரையாடல் முழுமையாகட்டும்.

கொரிச்சனி போதாமல் 1861-இல் பிஸ்ட்ரிட்சே பொட் ஹோஸ்டீனெம் என்ற ஊரில் அடுத்தது. பிறகு இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள வெல்கே உஹெர்ட்சே, மொராவியாவில் ஹாலென்கோவ், விசெட்டீன், ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்தில் ரதோம்ஸ்கோ, ஜெர்மனியில் ஃபிராங்கென்பெர்க். பீச் காடு எங்கே மலிவாகக் கிடைத்ததோ அங்கே போனார்கள். போலந்துத் தொழிற்சாலைக்கு ரஷ்யச் சுங்க எல்லையும் ஒரு காரணம்.

1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1869-இல் உரிமை முடிந்தது. உடனே போட்டி. அவர்களில் பெரியவர்கள் யாக்கோப் அண்ட் யோசஃப் கோன். தோனெட் மூத்தவர் 1871 மார்ச் 3-இல் வியன்னாவில் இறந்தார். 1930-க்குள் 14ஆம் எண் மட்டும் 5 கோடி விற்றதாகக் கணக்கு.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஒரே பேரரசில் இருந்த தொழிற்சாலைகள் வெவ்வேறு நாடுகளில் நின்றன. கோன் ஏற்கெனவே முண்டுஸ் என்ற இன்னொரு வளைமர நிறுவனத்தோடு இணைந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் தோனெட்டும் சேர்ந்து தோனெட்-முண்டுஸ் ஆனது. 1945-க்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தவை அரசுடைமை. பிஸ்ட்ரிட்சே தொழிற்சாலை 1953-இல் டான் என்ற பெயர் பெற்று இன்றும் பீச் கம்பை வளைத்துக்கொண்டிருக்கிறது. ஃபிராங்கென்பெர்க் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, மறுபடி கட்டப்பட்டது. தோனெட் பெயர் அங்கே தொடர்கிறது. 14ஆம் எண் அங்கே இப்போது 214.

மரச்சீவல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. பழைய நாற்காலி ஒன்று கையில் கிடைத்தால் எந்தக் காலத்தது, எங்கே பழுது என்று பார்க்க எங்கே தொடங்குவது?

பழந்தளவாடம்

கவிழ்த்து வைத்து இருக்கை வளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள். காகித முத்திரையும் சுட்ட அல்லது அழுத்திய பெயர் முத்திரையும் அங்கேதான் இருக்கும். காகிதம் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஒட்டியிருந்த இடம் மட்டும் செவ்வகமாக நிறம் மாறித் தெரியும். தோனெட்-முண்டுஸ் என்று இருந்தால் 1920களோ அதற்குப் பின்னரோ. செக்கோஸ்லோவாக்கியா என்று நாட்டுப் பெயர் இருந்தால் 1918-க்கு முன் இருக்க வழியில்லை. காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம், புதிதாக அச்சடித்தும் ஒட்டுகிறார்கள். கோனும் மற்றவர்களும் இதே வடிவங்களைச் செய்தார்கள் என்பதால் வடிவத்தை வைத்து மட்டும் தோனெட் என்று முடிவுகட்டக் கூடாது.

பின்காலின் குறுக்குவெட்டில் அடுக்குக் கோடுகள் தெரிந்தால் மிகப் பழையது; பாலிஷைச் சுரண்டாமல் காலின் அடிநுனியில் பாருங்கள், அங்கே மரம் வெறுமையாக இருக்கும்.

இருக்கையைச் சுற்றி 12 முதல் 15 மி.மீ. இடைவெளியில் துளை இருந்தால் கைப்பின்னல். துளை இல்லாமல் மேலே ஒரு காடி (நீளப் பள்ளம்) மட்டும் ஓடினால் ஆயத்தப் பின்னலை அழுத்திச் சொருகியது. கைப்பின்னலை மாற்றும்போது வரிசை: நெடுக்கு, குறுக்கு, மறுபடி நெடுக்கு, அதன் ஊடே குறுக்கு, பிறகு இரண்டு சாய்வு, கடைசியில் துளைகளை மூடும் ஓரக்கட்டு. பிரம்பைக் கால் மணி நேரமாவது நனைத்துப் பின்ன வேண்டும். மிக இறுக்கி இழுக்க வேண்டாம், காயும்போது தானே இறுகும்.

பழுது இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பின்காலில் இருக்கையைப் பூட்டும் ஆணித் துளை. தளர்ந்த நட்டோடு சாய்ந்து உட்கார்ந்தால் துளை நீளமாகி, நார் வழியே மேலும் கீழும் கீறல் ஓடும். கீறல் தொடக்கத்திலேயே பசை செலுத்திக் கவ்வி போட்டால் நிற்கும். பெரிய ஆணியாக மாற்றித் துளையைப் பெருக்கினால் கால் மேலும் பலவீனமாகும்.

இரண்டாவது, இருக்கை வளையத்தின் இணைப்பு. கம்பை வட்டமாக வளைத்து, இரு முனையையும் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டியிருப்பார்கள். முழுமரத்துக்கு மாறிய பிறகும் வச்சிரம் விடாமல் தங்கிய முக்கியமான இடம் இது. ஈரத்தில் விடுவதும் இதுவே. பழைய வச்சிரத்தை வெந்நீரும் துணியும் கொண்டு முழுக்க எடுத்துவிட்டு, மரம் காய்ந்தபின் ஒட்டுங்கள். பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது. வளையத்தைச் சுற்றி ஒரு பட்டைக் கவ்வி, சாய்வின்மேல் தனியாக இரண்டு கவ்வி. வளையம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தட்டைப் பலகையில் வைத்துப் பார்த்த பிறகே இறுக்குங்கள். திருகி ஒட்டிவிட்டால் நான்கு காலும் ஒருசேரத் தரையில் நிற்காது.